பறந்த மணிக்குத்தான் காசு

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: "உங்க அக்கா மகன் பைலட்டாமே? மாசம் அஞ்சு லட்சம் வருமா?" ரசம் ஊற்ற ஆள் வந்துவிட்டதால் நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பந்தியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். யாருடைய சம்பளச் சீட்டைப் பார்த்தாலும் கண் முதலில் அடித் தொகைக்குப் போகாது. எந்த நேரத்துக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள், எந்த நேரத்துக்குக் கொடுக்கவில்லை என்றுதான் தேடும். அக்கா மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் வருமானவரிக் கணக்குக்காகத் தன் சீட்டை என்னிடம் கொடுத்தபோதும் அப்படித்தான் பார்த்தேன். தொகை பெரியதுதான். நான் ஓய்வு பெற்றபோது ஒரு வருடத்தில் வாங்கியதை அவன் இரண்டு மாதத்தில் வாங்குகிறான். மணிக்கணக்கைப் பார்த்ததும்தான் புருவம் சுருங்கியது.

"இதென்னடா மாப்ள, மாசத்துக்கு அறுபத்தெட்டு மணி நேரம்தான் வேலையா?"

"அது பிளாக் அவர் மாமா. பறந்த மணி."

சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ள நேரம்தான் பிளாக் அவர். அதற்கு வெளியே உள்ளது எதுவும் அந்த அறுபத்தெட்டில் இல்லை. ஒரு நாள் கணக்கை எழுதிக் காட்டச் சொன்னேன். சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போய்த் திரும்பி, பிறகு விசாகப்பட்டினம் போய்த் திரும்பும் நாள். நாலு தடவை ஏறி நாலு தடவை இறங்குகிறான். பறந்த மணிக் கணக்கில் ஐந்து மணி நேரம் சொச்சம். ஆனால் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். குடித்திருக்கிறானா என்று ஊதிக் காட்ட வேண்டும். வானிலை, எரிபொருள், ஓடுபாதை அறிவிப்புகள் எல்லாம் படிக்க வேண்டும். விமானத்தைச் சுற்றி நடந்து சக்கரம், இறக்கை, எஞ்சின் வாய் வரை கண்ணால் பார்க்க வேண்டும், மழையானாலும். ஒவ்வொரு ஊரிலும் ஆள் இறங்கி ஆள் ஏறும் முக்கால் மணி நேரத்திலும் அவனுக்கு வேலை இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் எட்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. வீட்டு வாசலுக்கு வண்டி வந்ததிலிருந்து கணக்கிட்டால் பத்தரை மணி நேரம்.

எங்கள் தொழிற்சாலையில் கடைசல் எந்திரம் சுற்றுகிற நேரத்துக்கு மட்டும்தான் கூலி, பட்டறையைத் துடைப்பதும் கருவியைத் தீட்டுவதும் கணக்கில் வராது என்று நிர்வாகம் சொல்லியிருந்தால் அன்று மாலையே கேட்டை மறித்திருப்பார்கள். அட்டையில் முத்திரை குத்திய நிமிடத்திலிருந்து கணக்கு. ஒன்பது மணி நேரம் தாண்டினால் அரை மணியானாலும் இரட்டைக் கூலி, அது அப்போதைய தொழிற்சாலைச் சட்டம். முப்பது வருடம் அதைத்தான் போட்டேன்.

விமானத் தொழிலில் உலகம் முழுக்கப் பெரும்பாலும் இந்தப் பறந்த மணி முறைதான். ஒரு குறிப்பிட்ட மணி வரை நிலையான தொகை உத்தரவாதம். அதற்கு மேல் பறந்தால் மணிக்கு இவ்வளவு. வெளியே இருந்து பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். மணிக்கு வரும் தொகை பெரியது. தரையில் செலவாகும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை என்று நிறுவனங்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. களைத்துப்போன ஒரு மனிதன் "இன்றைக்கு என்னால் முடியாது" என்று சொல்லும்போது இந்த முறை அவனை என்ன செய்கிறது? அந்த நாளின் மணியை வெட்டுகிறது. அவனுடைய தவணையில் கை வைக்கிறது.

தவணையைச் சொல்லாமல் சம்பளத்தைப் பற்றிப் பேச முடியாது. வணிக விமானி உரிமத்துக்கு நம் நாட்டில் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வழிநடத்தல், வானிலை, விமானச் சட்டம் என்று வரிசையாகத் தேர்வுகள். தலை முதல் கால் வரை அலசும் முதல் வகுப்பு மருத்துவச் சான்று. இவ்வளவும் முடிந்து உரிமம் கையில் வந்தாலும் எந்த விமானத்தையும் ஓட்ட முடியாது. ஏர்பஸ் 320 என்றால் அதற்கென்று வகைப் பயிற்சி என்று தனிப் பயிற்சி, தனிக் கட்டணம். எங்கள் வீட்டில் எல்லாம் சேர்த்து 60 லட்சத்தைத் தாண்டியது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி சொத்தை ஈடு கேட்கும். ஸ்ரீரங்கத்தில் அத்தான் கட்டிய வீட்டின் பத்திரம் போனது. ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். மீதிக்கு அக்காவின் நகை.

2015 கடைசியில் உரிமம் வாங்கினான். வேலை கிடைத்தது 2018 கடைசியில். நடுவில் மூன்று வருடம் ஒரு பயிற்சி மையத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினான். அந்த மூன்று வருடமும் வட்டி நிற்கவில்லை. உரிமத்தையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்காக அவ்வப்போது காசு கட்டி விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பறந்து காட்ட வேண்டும். பாடம் நடத்திச் சம்பாதித்தது அப்படியே அதற்குப் போனது. அக்கா ஒரு தடவைகூட அவனிடம் எதுவும் கேட்டதில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் கேட்டாள்: "தம்பி, வானத்துல ஏறணும்னு ஆசைப்பட்டது தப்பாடா?" என்னிடம் பதில் இல்லை.

வேலையில் சேர்ந்து நாலைந்து மாதம்கூட ஆகவில்லை, 2019 ஏப்ரல் 17 அன்று இன்னொரு நிறுவனமான ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தைப் பறக்கவிட்டது. அங்கே விமானிகளுக்கு ஜனவரியிலிருந்தே சம்பளம் வரவில்லை. அதற்கு முன் 2012இல் கிங்ஃபிஷரிலும் இதே கதை: மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி, பிறகு மூடல். 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். ஜெட்டைக் கலைத்துச் சொத்தை விற்க உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. ஐந்தரை வருடமாக நிலுவைச் சம்பளத்துக்குக் காத்திருந்தவர்களுக்கு அதுதான் செய்தி. ஜெட் நின்றபோது இருபது வருட அனுபவமுள்ளவர்கள் பலர் குறைந்த சம்பளத்துக்கு வேறு நிறுவனங்களில் போய்ச் சேர்ந்தார்கள். அப்படி வந்த ஒருவருடைய பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துதான் அக்கா மகன் தொழிலைக் கற்றுக்கொண்டான். "அவர் ஒரு நாள்கூடப் புலம்பல மாமா, ஆனா சாப்பாட்டு டப்பாவ வீட்டுலருந்து கொண்டுவர ஆரம்பிச்சார்" என்றான். அடுத்த வருடம் கொரோனா. அவன் சம்பளத்தில் பாதிக்கு மேல் வெட்டு. தவணையை நானும் அக்காவும் பகிர்ந்து கட்டினோம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு விமானி வேலையை விட நினைத்தால், தளபதி இருக்கையில் இருக்கும் தலைமை விமானி ஒரு வருடமும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2017இல் விதி போட்டது. நிறுவனம் ஒரே இரவில் மூடலாம். தொழிலாளி ஒரு வருடம் முன்பே சொல்ல வேண்டும். முப்பது வருட வேலையில் இப்படி ஒரு தராசை நான் பார்த்ததில்லை.

சம்பளமும் தூக்கமும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று எனக்குப் புரியவைத்தது அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் சிறிய விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. நாட்டின் மேற்குக் கோடியில் சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தவர். வேலை தொடங்கும் இடமோ கிழக்குக் கோடியில், நெவார்க்கில். முந்தின இரவு சரக்கு விமானத்தில் இடம் கேட்டு ஏறி, நடுவில் மெம்பிஸில் மாறி, விடியும் நேரத்தில் நெவார்க் வந்து சேர்ந்தார். விடுதியில் படுக்கவில்லை; நிறுவனத்தின் ஓய்வறை நாற்காலிதான். சளி வேறு. அவருடைய சம்பளம் எவ்வளவு என்பது விசாரணையில் பேசப்பட்டபோது அந்த நாடே அதிர்ந்தது. நிறுவனம் சொன்ன கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 25,000 டாலரைத் தொடவில்லை. முன்பு ஒரு காபிக் கடையிலும் வேலை பார்த்திருக்கிறார்.

விமானம் வேகம் குறைந்து எச்சரித்தபோது தலைமை விமானி தவறாகக் கையாண்டதுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. இருவரிடமும் களைப்பு இருந்திருக்கலாம் என்றும் சொன்னது. ஆனால் அதையே காரணமாக எழுதவில்லை. அதை நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் வேலை செய்யும் ஊரில் ஒரு வாடகை அறைக்கு வழியிருந்தால் அந்தப் பெண் முந்தின இரவு கட்டிலில் படுத்திருப்பார். இதைச் சொல்ல வாரியம் தேவையில்லை.

அந்த விபத்துக்கு ஒரு மாதம் முன்புதான், ஜனவரி 15 அன்று, சல்லன்பெர்கர் என்ற விமானி இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றியிருந்தார். உலகமே கொண்டாடியது. அதே பிப்ரவரியில் அவர் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். தன் சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், ஓய்வூதியம் கைவிட்டுப் போய் அதன் இடத்தில் வந்தது சில்லறை என்பதையும் சொன்னார். தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் ஒரு விமானியைக்கூடத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். இதைப் படித்தபோது ஜாமீன் கையெழுத்துப் போட்ட விரல் உறுத்தியது.

அந்த நாட்டில் பிறகு நிலைமை மாறியது. கோல்கன் விமானத்தில் பிள்ளையையும் உடன்பிறப்பையும் பறிகொடுத்த குடும்பங்கள் வாஷிங்டனுக்கு மறுபடி மறுபடி போய் நின்றன. 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் 1500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. புதிய ஓய்வு விதிகள் 2014 ஜனவரியில். ஆட்கள் கிடைப்பது அரிதானது. கொரோனாவில் மூத்தவர்களை ஓய்வில் அனுப்பியது இன்னும் இறுக்கியது. 2022இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிதாகச் சேரும் துணை விமானிக்கே மணிக்கு 90 டாலர் கொடுக்க வேண்டி வந்தது. 2023இல் டெல்டா நான்கு வருடத்தில் 34 சதவீத உயர்வுக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த 24 வயதுப் பெண் உயிரோடு இருந்திருந்தால் இன்று பெரிய விமானத்தின் தளபதியாக, நல்ல வசதியோடு இருந்திருப்பார்.

நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். மங்களூரு 2010. மே 22 காலை ஆறு மணிக்குத் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேட்டு ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவு இரண்டு மணி நேரம் சொச்சம். அதில் முதல் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட தளபதியின் குரலே இல்லை, குறட்டைதான் இருந்தது. எழுந்தவர் முழுத் தெளிவுக்கு வரவில்லை என்றது விசாரணை. இறங்காமல் மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அவர் விடுமுறை முடிந்து வந்தவர். வேலைப்பளுவால் தூங்கினார் என்று சொல்ல முடியாது. அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே மனித உடம்பு அப்படித்தான் இருக்கும். இரவு ஷிஃப்டில் அந்த நேரத்தில்தான் எங்களிடம் கை நசுங்கிய விபத்துகள் அதிகம். அந்தப் பதிவேடும் என் மேசையில்தான் இருந்தது.

இந்த நேரத்தைக் காப்பாற்றத்தான் இயக்குநரகம் 2024 ஜனவரியில் புதிய பணிநேர விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்பது ஐந்து மணியோடு முடியாமல் ஆறு வரை. இரவில் ஆறு தடவை தரையிறங்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைப்பு. நிறுவனங்கள் முரண்டு பிடித்தன, விதி தள்ளிப்போனது, விமானிகளின் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் வரை போய் 2025இல் ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டமாக அமல் ஆனது. அந்த டிசம்பரில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். போதிய விமானிகள் இல்லாமல் இண்டிகோ தடுமாறி, டிசம்பர் 5 ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்களை ரத்து செய்தது. விமான நிலையத் தரையில் பெட்டி மேல் தலை வைத்துப் படுத்திருந்த குடும்பங்களின் படம் வந்தது. கடைசியில் இரவு விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்குப் பிப்ரவரி வரை விலக்குக் கொடுக்கப்பட்டது.

விமானிகள் மேல் அப்போது பலருக்குக் கோபம் வந்தது. என் வாட்ஸப் குழுவிலும் வந்தது: லட்ச லட்சமா வாங்கிக்கிட்டுத் தூக்கமும் வேணுமாம். அவர்களுக்கு நான் அன்று எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன். விதி வரப்போகிறது என்று ஒன்றரை வருடத்துக்கு மேல் தெரியும். ஆள் எடுக்க நேரம் இருந்தது. இருக்கிற ஆட்களின் தூக்கத்தில்தான் அந்த ஆள் பற்றாக்குறை இதுவரை ஈடுகட்டப்பட்டு வந்தது.

2024 ஏப்ரலில் விஸ்தாராவில் நடந்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஏர் இந்தியாவோடு இணைக்கும்போது அவர்கள் கொண்டுவந்த புதிய ஒப்பந்தத்தில் நிலையான சம்பளம் 40 பறந்த மணிக்குத்தான். அதுவரை 70 மணிக்கு இருந்தது. பலர் உடல்நலம் சரியில்லை என்று விடுப்பு எடுத்தார்கள், விமானங்கள் நின்றன, தினம் 25, 30 பயணங்களைக் குறைக்க வேண்டி வந்தது. செய்திகளில் "சம்பளக் குறைப்பை எதிர்த்து" என்று வந்தது. மாதம் 40 மணிக்கு மட்டும் உறுதியென்றால், பழைய வருமானத்தைத் தொட ஒருவர் கிடைக்கிற பறப்பையெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டும். கண் எரிந்தாலும் "முடியும்" என்றுதான் சொல்வார். அந்த இடத்தில்தான் எனக்கு ஆட்சேபம், தொகையில் இல்லை.

அக்கா மகனே ஒப்புக்கொள்கிறான். புதிய விதி வந்த பிறகு அவனுடைய பறந்த மணி குறைந்தது, வருமானமும் குறைந்தது. "தூங்குறேன் மாமா, ஆனா அந்தத் தூக்கத்துக்கு நான் காசு கட்டுற மாதிரி இருக்கு." ஓய்வைக் கட்டாயமாக்கிவிட்டு அதன் செலவைத் தொழிலாளி தலையில் வைத்தால், அந்த விதியைச் சுற்றிப் போக ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருப்பார்கள்.

பந்தி நண்பர் இதையெல்லாம் கேட்டால் ஒரு கேள்வி கேட்பார் என்று தெரியும். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரவெல்லாம் அரசுப் பேருந்தை ஓட்டுகிறவர் கையிலும் ஐம்பது உயிர் இருக்கிறதே, அவருக்கு என்ன கொடுக்கிறோம்? நியாயமான கேள்வி. அவருக்குக் கொடுப்பது குறைவு, மிகக் குறைவு. தளபதி இருக்கைக்குப் போய்விட்ட விமானி வாங்கும் சம்பளத்தை நான் அநியாயக் குறைவு என்று சொல்லவே மாட்டேன். நம் நாட்டு அளவில் அது மிக நல்ல சம்பளம். அந்த இருக்கைக்குப் போகும் வரை உள்ள பத்து வருடத்தைத்தான் நியாயமில்லை என்கிறேன். பயிற்சிக்கு வீட்டை அடகு வைப்பதும், நிறுவனம் மூழ்கினால் முதலில் தன் சம்பளம் மூழ்குவதும், ஒரு மருத்துவச் சான்று தவறினால் அன்றோடு எல்லாம் நிற்பதும் அவன் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கூண்டில் உட்காரவைத்து எஞ்சினில் நெருப்பு, காற்றழுத்தம் போச்சு என்று வரிசையாகக் கொடுத்துச் சோதிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் வேலைக்கான தேர்வு அது. நான் முப்பது வருடத்தில் ஒரே ஒரு தேர்வுதான் எழுதினேன்.

தரையில் செலவாகும் நேரத்துக்கும் கூலி வேண்டும். களைப்பு என்று சொல்கிறவனுக்கு அன்றைய காசு வெட்டப்படக் கூடாது. வகைப் பயிற்சிக் கட்டணத்தை, அவனை வைத்துச் சம்பாதிக்கப்போகும் நிறுவனம் ஏற்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், மணிக்கு வரும் தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று என் கணக்குப் புத்தி சொல்கிறது. அக்கா மகனும் அதைத்தான் சொல்கிறான். அவனுடன் வேலை பார்க்கும் சிலர் ஒப்பமாட்டார்கள் என்றும் சொன்னான்.

கடன் இன்னும் நாலு வருடம் இருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் ஓய்வில் ஸ்ரீரங்கம் வந்திருந்தான். பகல் பதினோரு மணி, கூடத்தில் ஜன்னல் சாத்தி, போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். வாசலில் காய்கறி வண்டிக்காரர் கூவினார். அக்கா செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய், "அண்ணே, கொஞ்சம் அந்த முனையில போய்க் கூவுங்க, பிள்ள ராத்திரி வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, வண்டியைச் சத்தம் வராமல் தள்ளிக்கொண்டு போனார்.